ரவுட்டர் கேள்வி பதில்: வான் முகவரியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

இம்முறை மலைப்பகுதி வாசகர்களின் கேள்விகள். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்தவற்றில் பல, ரவுட்டரின் நாட் அமைப்பைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். உள்ளே இருக்கும் கருவிகளின் தனி முகவரிகளை, வெளியே போகும்போது ஒரே பொது முகவரியாக மாற்றிக் கொடுக்கும் வேலைதான் நாட். "வான்" என்று நாங்கள் எழுதுவது ரவுட்டரின் இணையப் பக்கத்தை. "லேன்" என்பது வீட்டுப் பக்கம்.

கேள்வி (குன்னூர்): எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். 14 கணினிகள், இரண்டு பிரிண்டர்கள். மைக்ரோடிக் ரவுட்டரை முழுதாக ரீசெட் செய்து, யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் போட்டாயிற்று. ரவுட்டரிலிருந்து பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. கணினிகளில் இணையம் வரவில்லை. நாட் போடவேண்டும் என்கிறார்கள். எப்படிப் போடுவது?

பதில்: முதலில் ஒரு கணினியிலிருந்து 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள். அது போகிறது, இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-இல் கோளாறு. அதுவும் போகவில்லை என்றால் நாட் விதி இல்லை, அல்லது தப்பான இன்டர்ஃபேஸில் (ரவுட்டரின் இணைப்பு வாயிலில்) இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

காரணம் இது. 10 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளையும் தனி வலையமைப்புகளுக்கென்று 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளி இணையத்திலிருந்து அவற்றுக்குத் திரும்பி வர வழி கிடையாது. உங்கள் கணினியின் பாக்கெட் (தரவுத் துண்டு) 192.168.20.37 என்ற முகவரியோடு அப்படியே வெளியே போனால் பதில் திரும்பாது. ரவுட்டர் பிங் போவதற்குக் காரணம், அது தன் சொந்தப் பொது முகவரியிலிருந்து பேசுவதுதான்.

மைக்ரோடிக்கை அமைக்கும் நிரலான வின்பாக்ஸில் ஐபி, ஃபயர்வால், கனெக்‌ஷன்ஸ் என்று போனால் நாட் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். மாதிரி முகவரிகளில் சொல்வதென்றால்: 192.168.20.37, போர்ட் (ஒரு கருவியின் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) 51544-இலிருந்து 198.51.100.7, போர்ட் 443-க்கு ஓர் இணைப்பு போகிறது. ரவுட்டர் அனுப்புநர் முகவரியை 203.0.113.25 என்று மாற்றி, மாற்றியதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் 203.0.113.25-இன் 51544-க்கு வந்ததும் அட்டவணையைப் பார்த்து அந்தக் கணினிக்கே திருப்பிவிடுகிறது. அதே நேரத்தில் இன்னொரு கணினியும் 51544-இலிருந்தே அதே தளத்துக்குப் போனால், அதற்கு மட்டும் போர்ட் எண்ணையும் மாற்றிக் கொடுக்கும். போர்ட் எண்கள் 65,535 வரை இருப்பதால் 14 கணினிகள் ஒரு பொருட்டே அல்ல.

இனி அமைப்பு. ரவுட்டரில் கேபிள் செருகும் துளைகளுக்கும் போர்ட் என்றே பெயர். அவற்றில் முதல் போர்ட்டான ஈதர்1-இல் ஃபைபர் பெட்டி. ஈதர்2 முதல் 5 வரை ஒரு பிரிட்ஜில் (பல போர்ட்களை ஒரே வலையாக இணைப்பது) சேருங்கள். அந்த பிரிட்ஜுக்கு ஐபி, அட்ரஸஸ் பகுதியில் 192.168.20.1/24 கொடுங்கள். முகவரியை எந்த ஒரு போர்ட்டுக்கும் தனியாகக் கொடுக்காமல் பிரிட்ஜுக்கே கொடுக்கவேண்டும். டிஎச்சிபி சர்வர் பகுதியில் "டிஎச்சிபி செட்டப்" பொத்தானை அழுத்தி, பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கெல்லாம் சரி சொல்லிக்கொண்டே போனால் கணினிகளுக்கு முகவரி போக ஆரம்பிக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டோடு வரும் இணைப்பு பிபிபிஓஇ வகை. அதன் கிளையன்ட் அமைப்பில் "ஆட் டீஃபால்ட் ரூட்" டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஐபி, ஃபயர்வால், நாட். கூட்டல் குறியை அழுத்துங்கள். செயின்: எஸ்ஆர்சிநாட். அவுட் இன்டர்ஃபேஸ்: பிபிபிஓஇ-அவுட்1. ஆக்‌ஷன்: மாஸ்கரேட் (அனுப்புநர் முகவரியை ரவுட்டரின் அப்போதைய வான் முகவரியாக மாற்றுவது). நாட் இவ்வளவுதான். நிறையப் பேர் தவறுவது அவுட் இன்டர்ஃபேஸில். கேபிள் ஈதர்1-இல் செருகியிருப்பதால் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பாக்கெட் இணையத்துக்குப் போவது அந்த கேபிள் மேல் ஓடும் பிபிபிஓஇ இன்டர்ஃபேஸ் வழியாக. ஈதர்1 என்று எழுதிய விதியில் அது சிக்கவே சிக்காது. விதிக்கு எதிரே பாக்கெட் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றால் இதுதான் காரணம்.

அவுட் இன்டர்ஃபேஸைக் காலியாக விட்டாலும் இணையம் வந்துவிடும். ஆனால் ரவுட்டர் வழியாகப் போகிற எல்லாமே மாஸ்கரேட் ஆகும். பின்னால் ஒரு டிவிஆருக்கு (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) போர்ட் திறந்தீர்களானால், அதன் பதிவேட்டில் உள்ளே வந்த எல்லாருமே 192.168.20.1 என்று தெரிவார்கள். யார் தட்டினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு குழப்பம்: விதியை மாற்றியும் பலன் தெரியவில்லை என்பது. நாட் விதிகளை ஓர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே கடந்து போகிறது. மற்றவை அட்டவணையில் எழுதியபடியே நடக்கும். ஆகவே விதியை மாற்றியதும் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் பழைய பதிவுகளை அழித்துவிட்டுச் சோதியுங்கள். சேவை நிறுவனம் நிலையான பொது ஐபி கொடுத்திருந்தால் மாஸ்கரேட்டுக்குப் பதில் எஸ்ஆர்சி-நாட் என்ற ஆக்‌ஷனைப் போட்டு அந்த முகவரியை எழுதுங்கள். மாஸ்கரேட், இணைப்பு விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் பழைய பதிவுகளைத் துடைக்கும். மாறும் முகவரிக்கு அது அவசியம், நிலையான முகவரிக்குத் தேவையில்லை.

முழுதாக ரீசெட் செய்ததாகச் சொல்கிறீர்கள். நாட் விதியும் இல்லையென்றால் கம்பெனி போட்டுத் தந்த ஃபயர்வால் விதிகளும் போயிருக்கும். நாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வருபவற்றுக்கான விதிகள்) வரிசையாக: எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் இரண்டையும் அனுமதி, இன்வாலிட் என்றால் தடு, பிபிபிஓஇ-அவுட்1-இலிருந்து வரும் மற்றதெல்லாம் தடு. ஃபார்வர்ட் செயினிலும் (ரவுட்டரைக் கடந்து போகிறவற்றுக்கான விதிகள்) அதே மூன்று. கடைசி விதியில் மட்டும் டிஎஸ்டிநாட் ஆனவற்றுக்கு (நீங்களே போர்ட் திறந்து உள்ளே திருப்பியவை) விலக்கு. ஐபி, டிஎன்எஸ் பகுதியில் "அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்" போட்டுவிட்டு இன்புட் செயினைத் திறந்து வைத்தால், உங்கள் ரவுட்டரின் போர்ட் 53-ஐ வெளியாட்கள் பிறரைத் தாக்கப் பயன்படுத்துவார்கள். இணையம் மந்தமாகும், காரணம் தெரியாமல் சேவை நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி (மதுரை வாசகி; வீடு பூம்பாறையில்): பூம்பாறையில் பூண்டுத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. சிம் போடும் 4ஜி ரவுட்டர், டிவிஆர், நான்கு கேமரா. போர்ட் ஃபார்வர்டிங்கில் 8000, 554 இரண்டும் டிவிஆருக்குத் திறந்திருக்கிறோம். மதுரையிலிருந்து திறந்தால் ஒன்றும் வரவில்லை. ரவுட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

பதில்: ரவுட்டர் மேல் தவறில்லை. இன்னொன்று வாங்கினாலும் இதே கதிதான்.

அடுத்த முறை மேலே போகும்போது ஒன்று செய்யுங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று போட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்துகொண்டே, "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய வாய்ப்புண்டு. வேறாக இருந்தால், உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே சேவை நிறுவனமே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. 10 என்று தொடங்கினாலும் அதே கதை. சிம் இணைப்புகளில் இப்படித்தான் இருக்கும்.

பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். மதுரையிலிருந்து நீங்கள் தட்டும் கதவு அவர்களுடைய கருவியில் இருக்கிறது. உங்கள் டிவிஆருக்கு அனுப்பச் சொல்லி அங்கே யாரும் விதி எழுதவில்லை, நீங்கள் எழுதவும் முடியாது.

வழிகள் உண்டு. முதலாவது, டிவிஆர் கம்பெனியின் ஆப். பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். டிவிஆரே வெளியே அழைத்து கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பதால் நாட் குறுக்கே நிற்காது. எளிது, ஆனால் உங்கள் வீட்டுப் படம் அந்த சர்வரை நம்பியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்: ஒயர்கார்ட் விபிஎன், அதாவது இரண்டு வீட்டு ரவுட்டர்களுக்கும் நடுவே பிறர் பார்க்கமுடியாத ஒரு தனிப் பாதை. மதுரை வீட்டில் ஃபைபர் இருந்தால், அங்கே பொது ஐபி கேட்டு வாங்குங்கள். ஒயர்கார்ட் வசதியுள்ள ரவுட்டரை இரண்டு வீட்டிலும் வையுங்கள். மைக்ரோடிக் என்றால் ரவுட்டர்ஓஎஸ் 7 வேண்டும், 6-இல் அது கிடையாது. மதுரை ரவுட்டரில் யூடிபி 51820-ஐ இன்புட்டில் திறக்கவேண்டும். பூம்பாறை ரவுட்டர்தான் மதுரையை அழைக்கவேண்டும். அதன் பியர் (எதிர்முனை) அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி என்று போடுங்கள். யூடிபி பதிவை 30 விநாடி சும்மா இருந்தாலே அழித்துவிடும் நாட் கருவிகள் உண்டு. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போய்க்கொண்டிருந்தால் பாதை அடைபடாது. இதை மதுரைப் பக்கம் மட்டும் போட்டுவிட்டு, "காலையில் வருகிறது, மத்தியானம் வரவில்லை" என்று தவிப்பவர்கள் உண்டு. இரண்டு வீட்டு லேனும் வேறு வேறாக இருக்கட்டும்: மதுரை 192.168.20, பூம்பாறை 192.168.30 என்பது போல. மதுரை ரவுட்டரின் அலோட் அட்ரஸ் பகுதியில் 192.168.30.0/24 இருக்கவேண்டும், அதே முகவரிக்கு ஒயர்கார்ட் இன்டர்ஃபேஸைக் காட்டும் ஒரு ரூட்டும் வேண்டும். மைக்ரோடிக் அந்த ரூட்டைத் தானாகப் போடாது. பூம்பாறைப் பக்கமும் இதே இரண்டையும் 192.168.20.0/24-க்குச் செய்யுங்கள்.

ஒரு கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவின் சப் ஸ்ட்ரீம் 512 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 230 எம்பி. மெயின் ஸ்ட்ரீம் 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு கேமராவுக்கே மணிக்கு 1.8 ஜிபி. நான்கையும் மெயினில் வைத்துப் பார்த்தால் சிம்மின் அன்றாட அளவு சீக்கிரம் காலி. போகிறபோது திறந்து வைத்த 8000, 554 இரண்டையும் மூடிவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஃபைபர் பெட்டியின் வைஃபை அறைகளுக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் வான் போர்ட்டில் செருகினோம். இணையம் வருகிறது, போகிறது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால் சில நேரம் ஃபைபர் பெட்டியின் பக்கம் வருகிறது.

பதில்: இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கின்றன. வானிலும் 192.168.1, லேனிலும் 192.168.1 என்றால் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவதென்று ரவுட்டருக்குத் தெரியாது.

வைஃபை எட்டவேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமென்றால் இரண்டாவது பெட்டிக்கு நாட் வேலையே வேண்டாம். அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், டிஎச்சிபியை அணையுங்கள், கேபிளை வானிலிருந்து எடுத்து லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்; முகவரியை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றினால் உள்ளே நுழையவே தடுமாறுவீர்கள். "ஆக்சஸ் பாயின்ட் மோட்" என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டாலே இவையெல்லாம் ஆகிவிடும்.

விருந்தினரைப் பிரித்து வைக்கவேண்டுமென்றால் கவனம் தேவை. விருந்தினரை இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால், 192.168.50 என்று வேறு தொகுதியில் வைத்துவிட்டால் பிரித்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். பின்னால் இருப்பவர் நாட் வழியாக முன்னால் இருக்கும் உங்கள் பிரிண்டரையும் கேமராவையும் தாராளமாக எட்டலாம். முன்னால் இருப்பவர்தான் பின்னால் வரமுடியாது. ஆகவே பின்னால் இருக்கவேண்டியது உங்கள் குடும்பமும் அலுவலகமும். விருந்தினர் ஃபைபர் பெட்டியின் கெஸ்ட் வைஃபையில் இருக்கட்டும். அவர்கள் செய்வதெல்லாம் வெளியே உங்கள் பெயரில் உள்ள ஒரே முகவரியிலிருந்துதான் தெரியும் என்பதால், பாஸ்வேர்டைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டு வருஷக்கணக்கில் மாற்றாமல் இருக்காதீர்கள்.

கேள்வி (உதகை): நிலையான பொது ஐபி வாங்கியிருக்கிறேன். கடை டிவிஆர் வெளியூரிலிருந்து திறக்கிறது. கடை வைஃபையில் இருந்தால் அதே முகவரி திறக்கவில்லை.

பதில்: உள்ளே இருக்கும் செல்போன் பொது முகவரியைக் கேட்கிறது. ரவுட்டர் அதை டிவிஆருக்குத் திருப்புகிறது. டிவிஆர் பார்த்தால் கேட்பவர் பக்கத்திலேயே, ஒரே லேனில் இருக்கிறார்; ரவுட்டரை விட்டுவிட்டு நேரடியாகப் பதில் தருகிறது. செல்போன் கேட்டது பொது முகவரியிடம், பதில் வந்தது 192.168.1.50-இடமிருந்து, ஏற்காமல் தள்ளிவிடுகிறது. வீட்டு ரவுட்டர்களில் "நாட் லூப்பேக்" என்ற தெரிவு இருந்தால் போடுங்கள். மைக்ரோடிக்கில், லேனிலிருந்து டிவிஆருக்குப் போவதற்கு மட்டும் ஒரு மாஸ்கரேட் விதி சேர்க்கவேண்டும்: சோர்ஸ் 192.168.1.0/24, டெஸ்டினேஷன் 192.168.1.50. டிஎஸ்டிநாட் விதியில் இன் இன்டர்ஃபேஸ் வான் என்று கட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு, டெஸ்டினேஷன் முகவரியாக உங்கள் பொது ஐபியைப் போடுங்கள்.

அதைவிட, டிவிஆரை இப்படி உலகத்துக்கே திறந்து வைப்பதை நிறுத்துங்கள் என்றே சொல்வோம். 2016-இல் மிராய் என்ற நிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். போர்ட் 8000-ஐ 28000 என்று மாற்றி வைப்பதால் தேடிவருபவர் நின்றுவிடமாட்டார். பொது ஐபி கையில் இருப்பதால் ஒயர்கார்ட் போடுவது உங்களுக்கு மிகச் சுலபம். செல்போனிலும் அதன் ஆப் உண்டு.

கேள்வி (பண்ணைக்காடு): நாட் இருந்தால் வெளியிலிருந்து யாரும் வரமுடியாதே, தனியாக ஃபயர்வால் எதற்கு?

பதில்: அட்டவணையில் இல்லாத பாக்கெட்டை எங்கே அனுப்புவதென்று தெரியாததால் நாட் தற்செயலாக ஒரு தடுப்பாகிறது. அதை நம்பக்கூடாது. ரவுட்டரின் சொந்த லாகின் பக்கத்தை நாட் காப்பதில்லை. உள்ளே இருக்கும் ஏதாவது கருவி யூபிஎன்பி மூலம் தானே போர்ட் திறந்துகொண்டாலும் நாட் தடுக்காது; யூபிஎன்பியை அணைத்து வையுங்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6 வந்தபின் இன்னும் முக்கியம்: அதில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கிறது, நாட் கிடையாது. ஐபிவி4-க்கு எழுதிய ஃபயர்வால் விதிகள் ஐபிவி6-க்குச் செல்லாது. மைக்ரோடிக்கில் அதற்குத் தனிப் பக்கம், தனி விதிகள்.

கேள்வி (குந்தா): பிபிபிஓஇ இணைப்பு. சில தளங்கள் உடனே திறக்கின்றன. சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

பதில்: பாக்கெட் அளவு. பிபிபிஓஇ தனக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492 பைட்தான் போகும். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1464 பைட் பிங் கொடுங்கள். 28 பைட் தலைப்பும் சேர்ந்து 1492 ஆகும். 1464 போய் 1472 போகவில்லையென்றால் இணைப்பு சரி. பிறகு ரவுட்டரில் எம்எஸ்எஸ் (தலைப்பு போக ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1452-க்கு மேல் போகாதபடி கட்டுங்கள். பிபிபி ப்ரொஃபைலில் "சேஞ்ச் டிசிபி எம்எஸ்எஸ்" என்பது யெஸ் என்று இருந்தால் அது தானாக நடக்கும். 1464-உம் போகவில்லையென்றால் நடுவில் இன்னும் சிறிய பாதை இருக்கிறது. பத்துப் பத்தாகக் குறைத்து, போகிற அளவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 12-ஐக் கழித்து எம்எஸ்எஸ்-ஆகப் போடுங்கள்.

கேள்வி (கூடலூர்): இடி விழுந்து ரவுட்டரின் வான் போர்ட் போய்விட்டது. மற்ற போர்ட்கள் வேலை செய்கின்றன. லேன் போர்ட் ஒன்றை வானாக மாற்றலாமா?

பதில்: மைக்ரோடிக், ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டர் இரண்டிலும் முடியும். மைக்ரோடிக்கில் ஈதர்2-ஐ பிரிட்ஜிலிருந்து நீக்குங்கள், பிபிபிஓஇ கிளையன்ட்டின் இன்டர்ஃபேஸை ஈதர்1-இலிருந்து ஈதர்2 ஆக்குங்கள். நாட் விதி பிபிபிஓஇ-அவுட்1 மேல் எழுதியிருந்தால் அதைத் தொடவேண்டியதே இல்லை. டிஎச்சிபியில் முகவரி வாங்கும் இணைப்பென்றால் அந்த டிஎச்சிபி கிளையன்ட்டையும், நாட் விதியையும், ஃபயர்வாலில் ஈதர்1 என்று எழுதிய இடங்களையும் ஈதர்2 ஆக்கவேண்டும். ஃபயர்வாலை மறந்தால் இணையம் வரும், தடுப்பு இருக்காது. இன்டர்ஃபேஸ் லிஸ்டில் வான் என்று ஒரு பட்டியல் வைத்து விதிகளை எல்லாம் அதன் மேல் எழுதியிருந்தால், பட்டியலில் ஒரு பெயரை மாற்றுவதோடு முடிந்தது. புதிதாக அமைப்பவர்கள் இப்படியே எழுதலாம்.

சாதாரண வீட்டு ரவுட்டரில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. மேலே கோத்தகிரி வாசகருக்குச் சொன்னபடி லேனில் செருகி ஆக்சஸ் பாயின்ட்டாக ஓட்டலாம், முன்னால் இருக்கும் பெட்டி நாட் செய்யுமானால். கூரையில் இருக்கும் ரேடியோவிலிருந்து கேபிள் இறங்குகிறதென்றால் மின்னல் அந்தச் செம்புக் கம்பி வழியாகத்தான் வந்திருக்கும். ரவுட்டருக்கு முன்னால் எர்த் செய்த ஈதர்நெட் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வையுங்கள். எர்த் கம்பி கொடுக்காமல் அதை மாட்டுவதில் பயனில்லை. ஐப்பசி மழைக்காலத்தில் இடி கேட்க ஆரம்பித்ததும் மின்சாரப் பிளக்கோடு வான் கேபிளையும் கழற்றுங்கள்.